நாற்பத்து மூன்றாவது குறை

ஆகஸ்ட் 9, சனி

தம்பி குகன் காலையில் அழைத்தான். வீடு கிடைத்துவிட்டதாம். பீற்றர்பரோவுக்கும் அப்பால் முக்கால் மணி நேர ஓட்டம். பன்னிரண்டு ஏக்கர் காணி, பின்னால் ஒரு சிற்றாறு.

"அண்ணை, அங்காலை காஸ் லைன் ஒண்டும் இல்லை. வீடு முழுக்கப் புறொப்பேன் காஸிலைதான் ஓடுது. அடுப்பு, சுடுதண்ணி, ஹீற்றிங் எல்லாம். வெளியிலை பெரிய காஸ் தாங்கி ஒண்டு நிக்குது. எனக்கு உதைப்பற்றி ஒண்டும் விளங்காது. நீங்கள் வந்து பாத்துச் சொன்னால்தான் கையெழுத்து வைப்பன்."

வீடுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கூரையில் ஏறி, நிலவறையில் தவழ்ந்து பார்த்துக் கொடுக்கிறவன் சொந்தத் தம்பிக்கு மாட்டேன் என்பேனா? வியாழக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

போனை வைக்கப் போகும்போது சொன்னான்: "சாம்பவிதான் அண்ணை இதைக் கண்டுபிடிச்சவள். போன சனி ரெண்டு பேருமாப் போய்ப் பாத்தனாங்கள்."

சாம்பவி என் மகள். போன சனிக்கிழமை சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் வெளிக்கிட்டாள்.

பின்னேரம் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

ஆகஸ்ட் 11

இன்று என் மனைவி புனிதத்திடம் கேட்டேன், மகள் தன் சித்தப்பாவோடு வீடு பார்க்கப் போனது உமக்குத் தெரியுமா என்று. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே, "தெரியும்" என்றாள்.

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பீங்கள். இப்ப வைச்சிருக்கிற மாதிரி."

நான் முகத்தை எப்போதும் போலத்தான் வைத்திருந்தேன்.

மே மாதம் சாம்பவி மருந்தாளர் படிப்பை மூன்றாம் வருடத்தில் நிறுத்தினாள். அதை முதலில் குகனிடம் சொன்னாள். பிறகு தாயிடம். மூன்றாவதாக என்னிடம். அப்போதுகூட நான் சத்தம் போடவில்லை. இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

குகனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனைக் கனடாவுக்கு எடுப்பித்ததே நான். கார் ஓட்டப் பழக்கியதும் நான். இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டி இப்போது ஓய்வு எடுத்திருக்கிறான். கலியாணம் கட்டவில்லை. சாம்பவி பிறந்த அன்று நான் தொழிற்சாலையில் நின்றேன், அவன்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவளை முதலில் தூக்கியது தான்தான் என்று இருபத்து மூன்று வருடமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டைப் பார்த்தாயிற்று. ஸ்காபரோவிலிருந்து இரண்டரை மணி நேரம்.

கறுப்புத் தகரக் கூரை போட்ட, ஒற்றை மாடி வைத்த வீடு. நல்ல கட்டடம், அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி வெள்ளைத் தாங்கி, மாடு படுத்திருப்பது போலக் கிடந்தது. குகன் அதில் ஒரு தட்டுத் தட்டி, "இதுக்குள்ளைதான் அண்ணை எங்கட சமையல் முழுக்க இருக்கு" என்றான். தாங்கியின் கால்கள், மூடி, அடைக்கும் வால்வு எல்லாம் சரி. அங்கிருந்து குழாய் நிலத்துக்குள்ளால் வந்து, வீட்டின் வடக்குச் சுவரடியில் மேலே ஏறுகிறது. அந்தச் சுவரில்தான் ரெகுலேட்டர். நம் ஊர் சிலிண்டரின் தலையில் பூட்டுகிறோமே, அதே வேலைதான். இது கொஞ்சம் பெரிது. அதற்குப் பிறகு குழாய் சுவரைத் துளைத்து நிலவறைக்குள் போகிறது.

ரெகுலேட்டருக்கு முன்னால் நின்று மேலே பார்த்தேன். நேர் மேலே கூரையின் ஓரம். வழுக்கும் தகரம், நல்ல சரிவு. பனியைத் தடுத்து நிறுத்தக் கூரையில் ஒரு சட்டமும் இல்லை. ரெகுலேட்டருக்கு மேல் ஒரு மூடியும் இல்லை. பனிக்காலத்தில் அந்தக் கூரை மொத்தப் பனியையும் ஒரேயடியாக வழுக்கி விடும். அரைத் தொன் வரும். அது விழுகிற இடத்தில் விரல் தடிப்புக் குழாய் ஒன்று. பக்கத்தில் இரண்டு அடியில் நிலவறை யன்னல். புறொப்பேன் காற்றைவிடப் பாரமானது. தண்ணீர் போலப் பள்ளம் தேடிப் போகும்.

குகனைக் கூப்பிட்டுக் காட்டத்தான் திரும்பினேன். மேல் மாடி யன்னலிலிருந்து சாம்பவியின் சிரிப்புக் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம். குகன் யன்னலால் தலையை நீட்டினான்.

"அண்ணை, மேலை வாங்கோ! சாம்பவியின்ர அறையைப் பாருங்கோ!"

"சாம்பவியின்ர அறை" என்றால் என்ன என்று படியேறிய பிறகுதான் விளங்கியது. அவள் அங்கே இருக்கப் போகிறாளாம். இருவருமாகச் சேர்ந்து உள்ளிப்பூண்டு நடப்போகிறார்களாம். அவள் ஒரு புத்தகத்தில் பாத்தி பாத்தியாகப் படம் கீறி வைத்திருந்தாள்.

"அப்பா, உங்களுக்குச் சொல்லத்தான் இருந்தனான்" என்றாள்.

"நல்லது" என்றேன். பிறகு அறையின் யன்னல் சட்டத்தில் பூச்சு உரிந்திருந்ததைக் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மிகக் கவனமாகப் பார்த்தேன். ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு ஆணி. வழக்கமாக முடிவில் வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு சுற்றி வந்து, முக்கியமானவற்றை விரலால் காட்டிச் சொல்வேன். இன்று நேரமாகிவிட்டது. ஏஜாக்ஸில் இன்னொரு வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஏஜாக்ஸ் வேலை நாளைக்குத்தான்.

ஆகஸ்ட் 15

அறிக்கை முடிந்தது. நாற்பத்தைந்து பக்கம், அறுபத்தொரு குறைகள். இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் சாதாரணமாகப் பதினைந்துக்குள் நிற்பேன். ஆனால் சொந்தத் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது. அலுமாரிக் கீல் இறுக்கமில்லை. படிக்கட்டுக் கைபிடியில் கீறல். தாங்கியின் வெள்ளைப் பூச்சில் துருப் பொட்டு. சுடுதண்ணித் தாங்கிக்கு வயது ஒன்பது. நிலவறையில் சிலந்தி வலை, ஆகவே ஈரம் இருக்கக்கூடும்.

"எரிவாயு ரெகுலேட்டர் கூரை ஓரத்தின் கீழ் உள்ளது, பாதுகாப்பு மூடி பரிந்துரைக்கப்படுகிறது." நாற்பத்து மூன்றாவது. முப்பத்திரண்டாம் பக்கம்.

ஆபத்தானவற்றைச் சிவப்பில் போட்டு முதல் பக்கத்தில் வைப்பது வழக்கம். இதில் எல்லாவற்றையும் சிவப்பில் போட்டேன். எல்லாமே கவனிக்க வேண்டியவைதானே. முடிவுரையில், "இவ்வீட்டை வாங்குவது உகந்ததல்ல" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 17

குகன் அழைத்தான். சிரிக்கிறான்.

"அண்ணை, உங்கட றிப்போட்டை வாசிச்சால் வீடு இப்பவே விழுந்திடும் போல கிடக்கு!"

"விடு. வேறை வீடு பார்."

"எனக்கு உதைத்தான் பிடிச்சிருக்கு. சாம்பவிக்கும் உதுதான். சின்னச் சின்ன வேலையள் நானே செய்வன். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ. உதுக்குள்ளை உண்மையா ஆபத்தானது எது? வாயாலை சொல்லுங்கோ."

நான் அப்போது காரில் இருந்தேன், பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"எல்லாம் அதிலை எழுதியிருக்கு. வடிவா வாசி" என்றேன்.

"சரி அண்ணை. வாசிக்கிறன்."

வாசித்தால் தெரியும். அறிக்கை தமிழில் இல்லைத்தான், ஆனால் அவனுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 20

வாங்கிவிட்டான். என் அறிக்கையைக் காட்டியே விலையைக் குறைத்துப் பேசினானாம். நன்றி சொன்னான்.

செப்டம்பர் 27

பால் காய்ச்சினார்கள். புதுப் பானை, புறொப்பேன் அடுப்பு. பால் பொங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். பானையைப் பிடித்தது குகனும் சாம்பவியும். "தகப்பனும் பிள்ளையும் போல" என்று யாரோ ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய் வடக்குச் சுவரைப் பார்த்தேன். மூடி போடவில்லை. ஆனால் படிக்கட்டுக் கைபிடிக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தான். அலுமாரிக் கீல்களை இறுக்கியிருந்தான். அறிக்கையின் முதலாம் பக்கத்திலிருந்து ஒழுங்காகச் செய்துகொண்டு வருகிறான் போலும். முப்பத்திரண்டாம் பக்கம் வருமுன் பனிக்காலம் வந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

திரும்பி வரும்போது புனிதம் சொன்னாள், "பிள்ளை எப்பிடிச் சிரிக்கிறாள், பாத்தனீங்களே? ஒரு வருசமா அவள் சிரிச்சு நான் காணேல்லை."

கார் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அக்டோபர் 19

உள்ளி நட்டுவிட்டார்களாம். நாலாயிரம் பல்லு. சாம்பவி ஒவ்வொரு நாளும் பின்னேரம் தாயோடு வீடியோவில் கதைக்கிறாள். நான் அடுத்த அறையில் கணக்கு வேலை ஏதாவது வைத்துக்கொள்வேன். கதவு திறந்திருக்கும். இடையில் குகனின் குரல் வரும், "மச்சாள், உங்கட மகள் சொதி வைச்சவள், கல்லுக் கரையிற உப்பு!" பிறகு இருவரும் சிரிப்பார்கள். புனிதமும் சிரிப்பாள்.

"அப்பா எங்கை?" என்று இன்று கேட்டாள்.

"இஞ்சைதான் நிக்கிறார். கூப்பிடவே?"

"வேலையெண்டால் இருக்கட்டும்."

வேலை ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் 15

காருக்குப் பனிக்கால ரயர் மாற்றினேன். ஏஜாக்ஸில் ஓர் இளம் பஞ்சாபித் தம்பதிக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன். அடுப்புக் குழாயில் ஒரு பழைய மூட்டு. அவர்களைக் கையோடு கூட்டிப் போய் விரலால் தொட்டுக் காட்டி, இதை மாற்றாமல் ஒரு நாள்கூடக் குடியிருக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பெண் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அவளுக்குச் சாம்பவியின் வயதுதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து குகனின் இலக்கத்தைப் போட்டேன். மணி அடித்தது. எடுக்குமுன் வைத்துவிட்டேன். திரும்ப அழைத்தான்.

"கூப்பிட்டனீங்களே அண்ணை?"

"பிழையா அமத்துப்பட்டிட்டுது."

"சரி. இருங்கோ, சாம்பவி பக்கத்திலை நிக்கிறாள், குடுக்கட்டே?"

அவன் யார், என் மகளை எனக்குக் கொடுக்க? "வேண்டாம்" என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

சாம்பவியின் பிறந்த நாள். இருவரும் இங்கே வந்தார்கள். அவளே எல்லாருக்கும் பரிசு கொண்டு வந்தாள். எனக்கு ஒரு சோடி தோல் கையுறை, நல்ல கடையில் வாங்கியது. தாய்க்குச் சால்வை. குகன் தலையில் ஒரு பச்சைக் கம்பளித் தொப்பி. கோணலும் மாணலுமாக இருந்தது.

"அவள் பின்னினவள்" என்றான் குகன். "என்ர மண்டை சின்னன் எண்டு நினைச்சிட்டாள். இழுத்துத்தான் போட வேணும்." சாப்பிடும்போதும் கழற்றவில்லை.

கடைக் கையுறையை எந்த மனிதருக்கும் கொடுக்கலாம். தபால்காரருக்குக் கொடுக்கலாம்.

வெளிக்கிடும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னான், "அண்ணை, போன கிழமை கூரையாலை ஸ்நோ விழுந்த சத்தம், ஊரிலை ஷெல் விழுந்த மாதிரி! ரெண்டு பேரும் நித்திரையாலை துள்ளி எழும்பிட்டம்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"தெற்காலை. வெயில் படுற பக்கம். வடக்கு இன்னும் அப்பிடியே தேங்கி நிக்குது. பாக்க நல்ல வடிவு."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாம்பவி காரைச் சூடாக்கிவிட்டு ஹோர்ன் அடித்தாள்.

"றோட்டு வழுக்கும். பாத்து ஓடு" என்றேன்.

வடை ஆறு சாப்பிட்டேன். புனிதம் எண்ணியிருக்கிறாள்.

ஜனவரி 18

நேற்றும் இன்றும் பனி. முற்றத்தில் முழங்காலுக்கு மேல். இரண்டு தடவை வழித்தேன். வடக்கே இன்னும் கூட என்கிறார்கள்.

ஜனவரி 22

நாளைக்குப் பனி உருகுமாம். நாலு பாகை.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பின்முற்றத்துத் தகரக் கொட்டிலின் கூரையிலிருந்து பனி வழுக்கி விழுந்தது. சின்னக் கொட்டில், நாலடி அகலம்தான். ஆனாலும் நிலம் அதிர்ந்து கோப்பையில் தேநீர் ஆடியது.

குகனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. சாம்பவிக்கு எடுத்தேன். அவளும் இல்லை. திரும்பவும் இருவருக்கும். புனிதத்திடம் விற்பியில் வீடு பார்க்கிற ஒரு வேலை என்று சொன்னேன். "இந்தச் சேட்டோடையே?" என்று கேட்டாள். படுக்கும் சேர்ட்டோடு காரில் ஏறியிருந்தேன்.

வழி முழுக்க வெயில். மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. பத்துத் தடவையாவது அழைத்திருப்பேன். பாதி வழியில் தீயணைப்புப் படையை அழைக்கலாம் என்று நினைத்தேன். என்னவென்று சொல்வது? ஒரு கூரையில் பனி இருக்கிறது என்றா? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?

பத்து மணி தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். குகனின் வண்டியைக் காணவில்லை. வடக்குப் பக்கம் ஓடினேன். கூரை வெறுங்கறுப்பாக மின்னியது. சுவரடியில் என் நெஞ்சளவுக்குப் பனிக் குவியல். அதற்கு உள்ளேயிருந்து சீறுகிற சத்தம். மணம், எல்லா வீட்டுப் பெண்களும் அறிந்த அந்த அழுகல் மணம், முகத்தில் அடித்தது. நிலவறை யன்னலின் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. உள்ளே ஊதா வெளிச்சம்.

தாங்கிக்கு ஓடி, மூடியைத் தூக்கி, வால்வைக் கைகொண்ட மட்டும் முறுக்கி அடைத்தேன். பிறகு வீட்டுக்குள். நிலவறைப் படியில் கால் வைத்தபோதே மணம் தொண்டையைப் பிடித்தது. சாம்பவி நாற்று வளர்க்கும் ஊதா விளக்குகளுக்குக் கீழே குனிந்து நின்று தட்டுகளில் வெங்காய விதை போட்டுக்கொண்டிருந்தாள். காதில் பாட்டு, நிலவறைக்குள் போனும் பிடிக்காது. நான் நிற்பது தெரியவில்லை. அவளுக்கு ஆறடி பின்னால் ஹீற்றர்.

தோளைப் பிடித்தேன். துள்ளித் திரும்பினாள்.

"அப்பா! என்ன இஞ்சை?"

"ஒண்டையும் தொடாதை. சுவிட்சைத் தொடாதை. வா."

"லைற்றை நிப்பாட்டிப் போட்டு..."

"வா எண்டுறன்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடு பனியில் ஓடி வந்தாள். காரில் ஏற்றித் தெருவில் கால் மைல் போய் நிறுத்திய பிறகுதான் தீயணைப்புப் படையை அழைத்தேன். இரண்டு தடவை பிழையாக அமத்தினேன், பிறகு அவள்தான் வாங்கி இலக்கத்தை அமத்தினாள்.

"எலி செத்துக் கிடக்குதெண்டு நினைச்சன்" என்றாள். "காலமை தொடக்கம் மணத்தது. சித்தப்பா வந்தாப் பிறகு தேடுவம் எண்டு விட்டிட்டன்."

அவள் காலை என் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட்டேன். சின்னப் பிள்ளையில் செய்ததற்குப் பிறகு இன்றுதான். பிறகு கேட்டாள்:

"அப்பா, நீங்கள் ஏன் இண்டைக்கு வந்தனீங்கள்?"

தீயணைப்பு வண்டி தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. இறங்கி வழி காட்டப் போய்விட்டேன்.

குழாய் மூட்டில் வெடித்து வளைந்திருந்தது. அவர்கள் காஸ் அளக்கும் மீற்றரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டைத் திறந்து காற்றோட விட்டார்கள். போனை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தோட்டச் சாமான் கடைக்குப் போயிருந்த குகன் அப்போதுதான் வந்தான். வண்டியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான், அந்தப் பச்சைத் தொப்பியோடு. படையின் தலைவர் அவனிடம் சொன்னார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஹீற்றர் பற்றும்போது வீடு மேலே போயிருக்கும், இந்த மனிதர் உன் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று.

"அவ இவரின்ர பிள்ளை" என்று குகன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

ஜனவரி 24

அங்கே சூடு இல்லை. குழாய் திருத்தி முடியும்வரை இருவரும் எங்கள் வீட்டில். சாம்பவி தன் பழைய அறையில். குகன் வரவேற்பறையில். தொலைபேசியில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறான், "அண்ணைக்கு உள்ளுக்குள்ளை ஏதோ சொல்லியிருக்குது. சேட்டு மாத்தாமல் ஓடி வந்தவர்." புனிதம் எனக்குப் பிடித்த இறால் பொரியல் செய்தாள். சாப்பிட முடியவில்லை.

ஜனவரி 25

சாம்பவி என் மேசைக்கு வந்து கதவைச் சாத்தினாள். கையில் தன் கணினி. அறிக்கையைத் திறந்து வைத்திருந்தாள். முப்பத்திரண்டாம் பக்கம்.

"இது உங்களுக்கு ஓகஸ்டிலேயே தெரியும்."

"எழுதியிருக்கிறன்தானே."

"சிலந்தி வலைக்கும் இதுக்கும் ஒரே சிவப்பு, அப்பா." அவள் சத்தம் போடவில்லை. "அண்டைக்கு நான் சித்தப்பாவுக்குப் பக்கத்திலை இருந்தனான். எது ஆபத்தெண்டு போனிலை உங்களிட்டைக் கேட்டவர். வாயாலை சொல்லச் சொல்லிக் கேட்டவர். ஏன் சொல்லேல்லை?"

ஆயிரம் மறுமொழி இருந்தது. நேரமில்லை, தெருவில் நின்றேன், அவன் வாசித்திருக்க வேண்டும்.

"எரிச்சல்" என்றேன். "நீ அங்கை சிரிச்சாய். எனக்கு எரிச்சல்."

அவள் கணினியை மூடினாள். கண் கலங்கியிருந்தது. "நான் சித்தப்பாவுக்குச் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்ல வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து வாசித்தேன். நவம்பர் 15 அன்று நான் எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

ஜனவரி 26

சொல்லவில்லை.

ஜனவரி 27

காலையில் குகன் எங்கள் முற்றத்துப் பனியை வழித்துக்கொண்டிருந்தான். நானும் மண்வாரியோடு போனேன். இருவரும் கொஞ்ச நேரம் வழித்தோம். பிறகு சொன்னேன். அறுபத்தொன்றில் பதினாலுதான் உண்மையில் எழுத வேண்டியவை. அந்தப் பதினாலில் ஒன்றுதான் ஆபத்து. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீ வாங்கக்கூடாது என்பதற்காக மற்றதையெல்லாம் எழுதினேன். நீ வாங்கிய பிறகு கோபத்தில் பேசாமல் விட்டேன்.

குகன் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினான்.

"நான் கேட்டனான்தானே அண்ணை."

"ஓம்."

"கேட்டனான். நீங்கள் வாசி எண்டனீங்கள்."

"நீ என்ர பிள்ளையைக் கொண்டு போட்டாய், குகன்."

"நான் கொண்டு போகேல்லை. அவள் வந்தவள்." அவன் குரல் உடைந்தது. "உங்கட பிள்ளை படுத்த வீடு அண்ணை. நாலு மாசம். உங்கட பிள்ளை."

கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அரை முற்றம் வழிக்காமல் கிடந்தது. மிச்சத்தை நான் வழித்தேன்.

ஜனவரி 29

போய்விட்டார்கள். குகன் புனிதத்திடம் மட்டும் "போட்டு வாறன்" என்றான். சாம்பவி என் தோளை ஒரு தடவை தொட்டாள்.

புனிதத்துக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இடியப்பத்தை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

பெப்ரவரி 12

ஒருவரும் அழைக்கவில்லை. குளியலறைக் குழாய் முழுவதையும் மாற்றினேன். சொட்டு நின்றுவிட்டது.

பெப்ரவரி 20

குகன் வேறொரு பரிசோதகரைக் கூப்பிட்டு வீட்டைப் பார்ப்பித்திருக்கிறான். சாம்பவி தாயிடம் சொன்னாள். ஓர் இளம் பெண்ணாம், நல்ல கெட்டிக்காரியாம், எல்லாவற்றையும் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினாளாம். குகன் அவளுக்குப் புட்டும் மீன் குழம்பும் கொடுத்து அனுப்பினானாம்.

முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. இதை இப்போது மறைக்காமல் எழுதுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

என் கைபேசி அடித்தது. குகன். ஆறு கிழமைக்குப் பிறகு.

"அண்ணை."

"சொல்லு."

அவன் பக்கத்தில் காகம் கத்தியது.

"ரெகுலேட்டரை மேற்குச் சுவருக்கு மாத்தியாச்சு. கூரைக்குத் தடுப்பும் போட்டாச்சு."

"நல்லது. நான் ஒருக்கா வந்து பாக்கட்டே?"

"வேண்டாம்." உடனே சொன்னான். "இனி நீங்கள் என்ர வீட்டைப் பாக்க வர வேண்டாம், அண்ணை." மூச்சு விட்டுச் சொன்னான், "சும்மா வாங்கோ. சனிக்கிழமை. மச்சாளையும் கூட்டிக்கொண்டு."

மார்ச் 14, சனி

போனோம். காரை நிறுத்திய இடத்திலிருந்து வாசலுக்குப் போக மேற்குச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நிமிர்ந்து பார்க்காமல் போனேன். கஷ்டமாக இருந்தது.

குகன் கதவைத் திறந்தான். கட்டிப்பிடிக்கவில்லை. "வாங்கோ" என்று வழி விட்டான். என்னை நேராகப் பார்க்க அவனுக்கு இன்னும் முடியவில்லை. புனிதம் கொண்டுபோன பலகாரத்தைப் பற்றிக் கதைத்துச் சமாளித்தோம்.

சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பக்கம், புனிதம் பக்கத்தில். எதிரே அவர்கள் இருவரும். சாம்பவி பருப்பைப் பரிமாறிக்கொண்டு, "சித்தப்பா, கோழி!" என்றாள். குகன் வாய்க்குள் வைத்த சோற்றோடு சிரிக்கத் தொடங்கி, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்தது. அவளும் சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்தாள். அவர்களுக்குள் ஏதோ பழைய கதை. எனக்கு ஒன்றும் தெரியாது.

நெஞ்சுக்குள் அது வந்தது. அதே சூடு, அதே இடம். எழுந்து தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருப்பேன். கை கதிரையின் விளிம்பைப் பிடித்துவிட்டது.

"என்ன பகிடி?" என்று கேட்டேன். "எனக்கும் சொல்லுங்கோவன்."

இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். குகன் தண்ணீர் குடித்தான். சாம்பவி பருப்புச் சட்டியை வைத்துவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரனின் கோழி இவர்களுடைய வண்டிக்குள் ஏறிக் கடைவரைக்கும் போன கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நடுவில் அவள் விட்டதையெல்லாம் குகன் மெல்ல மெல்ல எடுத்துக் கொடுத்தான், முதலில் கோப்பையைப் பார்த்தபடி, பிறகு என்னைப் பார்த்து.

அது அவ்வளவு பெரிய பகிடியாக எனக்குப் படவில்லை. கடைசிவரை இருந்து கேட்டேன்.